வலது கையில வச்ச மை

மச்சான், நல்லா இருக்கியா? அங்க எப்படி, சாயா எல்லாம் கிடைக்குதா? சர்க்கரை போட்டுக் குடிக்க விடுறாங்களா? கடைசி காலத்துல உனக்குச் சர்க்கரை இல்லாத சாயாதான்னு டாக்டரு சொல்லிட்டாரு. "இது சாயா இல்லடா, சூடு பண்ணின மழைத்தண்ணி"ன்னு ஹம்சாக்கா சாயாக்கடையில உக்காந்து, அவரு காதுபடவே திட்டிக்கிட்டு குடிப்பே. அங்க டாக்டரு தொல்லை இருக்காதுல்ல. ரெண்டு கரண்டி கூடவே போட்டுக்க.

நான்தான் பேசுறேன். குரல் தெரியுதுல்ல? உனக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்குக் கண்ணு போனதுலேருந்து நாம ரெண்டு பேரும் போன்ல வாய்ஸ் மெசேஜா பேசிப் பேசித்தானே அனுப்பிக்கிட்டோம். நான் கொச்சங்காடி குடோன்ல மூட்டை இறக்கிட்டு, அடுத்த லாரி வர்றதுக்குள்ள ஒண்ணு பேசி அனுப்புவேன். நீ கட்டில்ல கிடந்துக்கிட்டு அதுக்கு ஒரு பதில் அனுப்புவே. பாதி பதில்ல பேச்சே இருக்காது, ஃபேன் ஓடுற சத்தம்தான் இருக்கும். அதே நம்பருக்குத்தான் இப்பவும் அனுப்புறேன். உன் போனு உன் பொண்டாட்டி, அதான் தங்கச்சி, கையில இருக்கு. அவ அதை நிறுத்தல, சார்ஜு போட்டு வச்சிருக்கா. அதனால நான் பேசுறதை அவளும் கேப்பா. கேக்கட்டும். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவ காதுல விழக்கூடாது. அது என்னன்னு உனக்குத் தெரியும்.

இப்ப எங்க உக்காந்திருக்கேன் சொல்லு? உன் வீட்டு வாசல்ல, உன் பிளாஸ்டிக் நாற்காலியில. ஒரு கால் கொஞ்சம் வளைஞ்சிருக்குமே, அதே நாற்காலிதான். தங்கச்சி உள்ள சேலை மாத்துறா. அவ சேலை மாத்தி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு கதையை முழுசா சொல்லி முடிச்சிடலாம், உனக்குத் தெரியாததா. அவளுக்காக எதுக்கு உக்காந்திருக்கேன்னு அப்புறம் சொல்றேன்.

இன்னைக்கு எலெக்ஷன் மச்சான். கொச்சி கார்ப்பரேஷன் எலெக்ஷன். போன வாரம் கட்சிக்காரப் பையன் ஒருத்தன் ஸ்லிப்பு கொண்டாந்து குடுத்தான். அது என்னமோ, போஸ்டர் ஒட்டுற கையாலயே ஸ்லிப்பையும் குடுக்குறாங்க போல, ஒரே பசை வாசம். எனக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு. மூணாவதா ஒண்ணு இருந்துச்சு. "இது யாருக்கு?"ன்னு கேட்டேன். வாசிச்சான். உன் பேரு! உன் அப்பா பேரு, வீட்டு நம்பரு, எல்லாம் சரியா இருக்கு. லிஸ்டுல நீ இன்னும் சாகல. அது மட்டும் இல்ல, உன் வயசையும் ஏத்தி வச்சிருக்காங்க. போய்ச் சேர்ந்த பிறகும் உனக்கு வயசாகிக்கிட்டே இருக்கு மச்சான், முட்டியைப் பாத்துக்க.

நீ இல்லன்னு அந்தப் பையனுக்குத் தெரியும். இருந்தாலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டு மெதுவா சொல்றான், "இது என் கையில இருக்கட்டும் சேட்டா, நம்ம ஆளு யாராவது போய் குத்திக்குவாங்க." நான் சொன்னேன், "தம்பி, அந்த ஆளு உயிரோட இருந்தப்பவே அவன் ஓட்டு யாருக்குன்னு எவனாலயும் கண்டுபிடிக்க முடியல. செத்த பிறகு நீ போய் கண்டுபிடிக்கிறியா? கொண்டா இங்க." வாங்கி உன் போட்டோவுக்குப் பின்னால சொருகி வச்சிட்டேன். ஆனா கையில அந்தப் பசை வாசம் போகல. அந்த வாசம்தான் போன எலெக்ஷனை இழுத்துக்கிட்டு வந்துச்சு. அதைப் பேசத்தான் போனை எடுத்தேன்.

கொரோனா காலம், ஞாபகம் இருக்கா. எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு அலைஞ்சோம். அந்த மார்கழிப் பக்கம் வேலியேற்றம் எப்படி வந்துச்சு! கடல் பொங்குற நேரத்துல காயல் தண்ணி வாய்க்கால் வழியா ஏறி, நேரா நம்ம சந்துக்குள்ள வந்து, செருப்பைக் கூட வெளிய விடாம வீட்டுக்குள்ள வந்துடும். எல்லார் வீட்டுக் கட்டிலும் செங்கல்லு மேல நின்னுச்சு. என் வீட்டு ஃப்ரிட்ஜு மீன் பெட்டி மேல ஏறி நின்னு பயந்த மாதிரி உறுமிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு நடுவுல ஓட்டு கேக்குறவங்க வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு தண்ணியில இறங்கி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மூணு கட்சிக்காரனும் ஒரே இடத்துல நின்னு எடுத்தானுங்க, அங்கதான் தண்ணி ஆழம் கம்மி.

அதுல எனக்கு ஏறுன கோபம் இருக்கே! ஹம்சாக்கா கடையில சந்து ஆளுங்க எல்லாரும் கூடினோம். இந்தத் தடவை நம்ம சந்துல ஒருத்தனும் ஓட்டு போடக்கூடாதுன்னு முடிவாச்சு. ஓட்டு கேட்டு உள்ள வராதீங்கன்னு பெருசா ஃப்ளெக்ஸு அடிச்சு சந்து முனையில கட்டினோம். ரொம்ப சத்தமா கத்தினவன் நான்தான். மேஜையைத் தட்டினதுல ஒரு கிளாஸு கூட உடைஞ்சுச்சு. "எல்லாம் கள்ளனுங்க! இவனை மாத்தி அவனை வச்சா கள்ளன் மாறுவான், தண்ணி மாறாது"ன்னேன். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க.

நீ ஓரமா உக்காந்து உன் மழைத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இருந்தே. எல்லாரும் கத்தி ஓஞ்ச பிறகு மெதுவா கேட்டே, "அதெல்லாம் சரி, எனக்கு ஓட்டு போடணுமே. யாரு கூட்டிட்டுப் போறது?"

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஏன் மச்சான், நீ யாரையாவது நம்புறியா?"

"ஒருத்தனையும் நம்பல."

"பின்ன?"

"நம்புறவங்களுக்கு யாருடா ஓட்டு போடுவா? சாமிக்கு ஓட்டு போட்டா கும்பிடுறோம்? இன்னைக்கு உன் பொண்டாட்டி சோறு போடுவாளான்னு வீட்டுல எலெக்ஷனா வச்சிட்டு வந்தே?"

"அவ போடுவா. அது தெரியும்."

"அங்க தெரியும், அதனால வேணாம். இவனுங்க விஷயம் தெரியாது. அதான் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வரிசையா நிறுத்திப் பாக்கணும்."

கடைக்காரரு ஹம்சாக்கா சும்மா இருப்பாரா? "நிறுத்தலாம். பாக்குறதுக்கு உனக்குக் கண்ணு வேண்டே, வேணாமா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீதான் ரொம்ப சிரிச்சே, சாயா மூக்குல ஏறிடுச்சு.

நான் விடல. "நிறுத்திப் பாத்து என்ன கிழிச்சோம்? போன வாரம் உன் கட்டிலுக்கு அடியில மீனு நீந்துச்சே, மச்சான்!"

"நீந்துச்சு"ன்னே. "காலை வச்சப்போ தெரிஞ்சுச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

அதுதான் உன்கிட்ட எனக்குப் புடிச்சது. பதில் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுவே. நான் அப்படி இல்ல, பதில் இல்லன்னா மேஜையைத் தட்டுவேன்.

மகனைக் கூட்டிட்டுப் போன்னேன். அவன் எர்ணாகுளத்துல பஸ் ஓட்டிட்டு இருந்தான், லீவு போட்டா வருவான். நீ தலையை ஆட்டினே. "அவன் அவனோட கட்சிக்குக் குத்திட்டு, உங்களுக்குத்தான் அப்பா குத்தினேம்பான். எனக்கு என்ன தெரியும்?" சரி, தங்கச்சியைக் கூட்டிட்டுப் போன்னேன். "அவளா? அவ மகனுக்கு எதிர்க்கட்சி. வீட்டுக்குள்ள ஒரு சட்டசபையே நடக்குது. நீதான்டா வரணும்."

"நானா! இப்பதானே சாமி சத்தியமா எவனுக்கும் போட மாட்டேன்னு கிளாஸை உடைச்சேன்?"

"அதனாலதான் கேக்குறேன். எந்தக் கட்சியும் வேணாம்னு சொல்ற ஆளு மட்டாஞ்சேரியில இன்னைக்கு வேற எங்க கிடைப்பான்?"

சந்து ஆளுங்க முன்னாடி பெரிய ஆளா நின்னவன், மறுவாரம் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அதே ஃப்ளெக்ஸுக்கு அடியில குனிஞ்சு வெளிய வந்தேன். ஃப்ளெக்ஸு தாழ்வா தொங்கிச்சு, உன் தலையில இடிச்சுச்சு. "என்னடா இது?"ன்னே. "நான் கட்டினதுதான்"ன்னேன்.

ரோட்டுல ஒவ்வொரு இடத்தையும் நீ மூக்கால சொல்லிக்கிட்டே வந்தே. மாஸ்கை இறக்கி விட்டுட்டு, இது சுக்கு குடோன், இது மிளகு, இங்க யாரோ கப்பைக் கிழங்கு வேக வைக்கிறாங்கன்னு. சுக்கு மேல பூசுற சுண்ணாம்புத்தூளு மூக்குல ஏறி ரெண்டு தும்மல் போட்டே. கொரோனாக் காலமாச்சே, முன்னால போன பொம்பளை ஓடியே போயிட்டா. யூதருங்க தெரு, ஜூ டவுன் முனையில பழைய சாமான் கடைப் பக்கம் வார்னிஷ் வாசம் வந்ததும், "இன்னைக்கும் ஒரு புது நாற்காலிக்கு நூறு வயசு ஆக்குறானுங்க"ன்னே. அந்தக் கடைக்காரரு கேட்டிருப்பாரோன்னு நான் உன்னை இழுத்துக்கிட்டு வேகமா நடந்தேன். எதுக்கு இதெல்லாம் சொல்றேன்? ஆங், பள்ளிக்கூடம்.

நம்ம ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள்ள போனதே ஓட்டுக்குத்தானே. சின்னப் பிள்ளைங்க பெஞ்சுல உக்கார வச்சாங்க, முட்டி வாயில வந்து முட்டுது. "இது எந்த கிளாஸுடா?"ன்னு கேட்டே. சுவத்துல வரைஞ்சிருந்த படத்தைப் பாத்துட்டு, பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டு, "மூணாம் கிளாஸ்"ன்னேன். "போன தடவை ஒண்ணாம் கிளாஸ்ல போட்டோம்டா. பாஸாயிட்டோம்!"ன்னு சத்தமா சொன்னே. வரிசையில நின்ன போலீஸ்காரரும் சிரிச்சுட்டாரு.

உள்ள ஆபீசரு உன்னைப் பாத்துட்டு என்கிட்ட கேட்டாரு, "இவருடைய பேரு என்ன?" நீ வாயைத் திறந்தே, "சாரே, பேரு எனக்குத்தான். என்கிட்ட கேளுங்க." அவரு நல்ல மனுஷன், மன்னிக்கணும்னு சொல்லிட்டு உன்கிட்டயே கேட்டாரு. மெஷின்ல தொட்டுப் பாத்து வாசிக்கிற மாதிரி புள்ளி எழுத்து இருக்கு, நீங்களே போடலாமேன்னாரு. "கண்ணு இருந்தப்பவே எனக்கு எழுத்து தெரியாது சாரே. விரலுக்கா தெரியப்போகுது?" சரி, ஓப்பன் ஓட்டு, கூட வந்தவரு அமுக்கட்டும்னாரு.

அப்புறம்தான் எனக்கு வந்துச்சு பாடு. கூட வந்த ஆளு ஒரு சத்தியம் பண்ணணுமாம். இன்னைக்கு வேற யாருக்கும் இந்த மாதிரி போட்டுக் குடுக்கல, இவரு சொன்ன ஓட்டை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு. அவரு வாசிச்சாரு, நான் கைநாட்டு வச்சேன். அது முடிஞ்சு மை வைக்க வந்தாங்க. நான் பழக்கத்துல இடது கையை நீட்டினேன். "அது உங்க சொந்த ஓட்டுக்கு. மத்தவங்களுக்குப் போட வந்தா வலது கை"ன்னு வலது ஆள்காட்டி விரல்ல கோடு போட்டாங்க. எனக்கு என்னவோ ஆயிடுச்சு மச்சான். இத்தனை வருஷமா மூட்டை தூக்குன கையில, இன்னொருத்தனுக்காகன்னு ஒரு அடையாளம் வச்சது அதுதான் முதல் தடவை.

அட்டை மறைப்புக்குப் பின்னால போனோம். அகலம் பாலிக்கணும், தள்ளி நில்லுங்கன்னு யாரோ சொன்னாங்க. "கண்ணு தெரியாதவனைத் தள்ளி நின்னு எப்படிப் பிடிக்கிறது?"ன்னு நீ திருப்பிக் கேட்டே. அப்புறம் மாஸ்கை இறக்கிட்டு என் காதுல சொன்னே.

என்ன சொன்னேன்னு இங்க சொல்ல மாட்டேன். தங்கச்சி கதவுக்குப் பக்கத்துல வந்து நிக்கிறா, வளையல் சத்தம் நின்னுடுச்சு.

ஆனா அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? விரல் அங்கயே நின்னுடுச்சு. நான் எந்தப் பட்டனை அமுக்கினாலும் பீன்னு ஒரே சத்தம்தான் வரப்போகுது. அந்த மறைப்புக்குள்ள நீயும் நானும் மட்டும். உனக்குத் தெரியப்போறதில்ல, ஊருக்குத் தெரியப்போறதில்ல. நீ அவசரப்படுத்தல. தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கிட்டு, சாயாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி நின்னே. நீ சொன்னதையே அமுக்கினேன். பீன்னு சத்தம் வந்துச்சு.

"போட்டியா?"

"போட்டேன்."

"அவ்வளவுதான்"னுட்டு என் தோளைத் தேடி கையை வச்சே. சரியாத்தான் போட்டியான்னு கேக்கல. அன்னைக்கும் கேக்கல, அதுக்குப் பிறகும் ஒரு நாளும் கேக்கல.

வெளிய வர்றதுக்கு முன்னாடி, "நீயும் போட்டுட்டு வா, இங்கதானே நிக்கிறே"ன்னே. நான் முடியாதுன்னேன். என் ஸ்லிப்பை அன்னைக்குக் காலையிலயே சுருட்டிக் காது குடைஞ்சாச்சு, சத்தியமும் பண்ணியாச்சுன்னேன். நீ வற்புறுத்தல. படியில இறங்கும்போது மட்டும் கேட்டே, "என் ஓட்டுக்கு உன் விரலைக் கேட்டேன். உன் ஓட்டுக்கு நீ யாரு விரலைக் கேக்கப்போறே?" அப்ப தட்டுறதுக்கு மேஜையும் இல்ல.

திரும்பி வர்ற வழியில கேட்டேன், உண்மையைச் சொல்லு, இந்த வெயில்ல இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே, சும்மா சாமி கதை எல்லாம் விடாதேன்னு. நீ சொன்னே, "கண்ணு போனதுலேருந்து எல்லாரும் என்னை நல்லாத்தான் பாத்துக்கிறாங்கடா. இட்லி வைக்கிறாங்க, சட்டை மாட்டி விடுறாங்க, ஃபேனைப் போடுறாங்க, அணைக்கிறாங்க. இட்லி வேணுமா தோசை வேணுமான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. இன்னைக்கு ஒரு ஆபீசரு, ஒரு போலீசு, நீ, எல்லாரும் வேலையை விட்டுட்டு, இவனுக்கு என்ன வேணும்னு நின்னீங்க பாரு. அதுக்கு வந்தேன்."

மறுநாள் தங்கச்சிகிட்ட சொன்னேன், அவனுக்கு இட்லியா தோசையான்னு கேளும்மான்னு. அவ கேட்டா. நீ புட்டு வேணும்னு சொன்னியாம். ரெண்டு நாள் என்கூட அவ பேசல.

அன்னைக்கு ஹம்சாக்கா கடையில நுழைஞ்சதும் எல்லார் கண்ணும் என் கையில. இடது விரல் சுத்தமா இருக்கு, வலது விரல்ல மை. "எந்தா இது? லோகத்துல எவனுக்காவது வலது கையில மை இருக்கா?"ன்னாரு ஹம்சாக்கா. நான் விவரம் சொன்னேன். "அப்ப நீ சத்தியத்தை மீறல, வளைச்சிருக்கே. உன் மச்சான் வீட்டு நாற்காலி மாதிரி"ன்னாரு. இந்த நாற்காலி அப்பவே வளைஞ்சதுதான். மூட்டை தூக்கும்போதெல்லாம் அந்த மை கண்ணுல படும். நகம் வளந்து அது முனைக்குப் போய் வெட்டுப்பட்டுப் போற வரைக்கும் ஆளுங்க என்னை வலது கையன்னுதான் கூப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. யாரு வந்தா யாரு வரலன்னு கட்சிக்காரங்க மேஜை போட்டுக் குறிச்சு வைப்பாங்கல்ல. நம்ம சந்துலேருந்து விழுந்தது உன் ஒரு ஓட்டுதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அது தங்களுக்குத்தான்னு ஜெயிச்சவனும் நினைச்சான், தோத்தவனும் நினைச்சான். ரெண்டு பேரும் உன்னைத் தேடி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. நீ ரெண்டு பேருகிட்டயும் ஒரே மாதிரி சிரிச்சே. யாருக்குப் போட்டீங்கன்னு கேட்டா, "எனக்கு எங்க தெரியும்? இவன்தானே அமுக்கினான்"னு என் பக்கம் கையைக் காட்டினே. நான் சத்தியம் பண்ணவன், வாயை மூடிக்கிட்டேன். சாயா வாங்கிக் குடுத்துப் பாத்தாங்க, அதட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் நடக்கல.

அப்புறம் ஒரு நாள் கார்ப்பரேஷன் ஆளுங்க வந்து உன் வாசல்ல, வாய்க்காலுக்கு மேல, ஒரு சிமெண்ட் ஸ்லாப்பு போட்டாங்க. உன் வாசல்ல மட்டும். அது வரைக்கும் நீ ஒரு பலகை மேல காலைத் தடவித் தடவித்தான் தாண்டுவே. சந்துல எல்லாருக்கும் வயித்தெரிச்சல். "ஒரு ஓட்டுக்கு ஒரு ஸ்லாப்புன்னா, எல்லாரும் போட்டிருந்தா சந்து முழுக்க மூடியிருக்குமே"ன்னு ஒருத்தன் கணக்கு சொன்னான். நீதான் சிரிச்சுட்டே, "அப்படி ஆயிருக்காதுடா. எல்லாரும் போட்டிருந்தா எவனும் என்னைத் தேடி வந்திருக்க மாட்டான்." அது சரியா தப்பான்னு இன்னைக்கும் எனக்குப் புரியல. தண்ணி இப்பவும் வருது மச்சான். ஸ்லாப்புக்கு மேல ஏறி வருது. ஆனா ஸ்லாப்பு அசையல. போன ஆடி மழையில உன்னைத் தூக்கிட்டுப் போனப்போ, நாங்க நாலு பேரும் வழுக்காம கால் வச்சது அதுமேலதான். இப்ப என் காலும் அதுமேலதான் இருக்கு.

உன் காரியம் முடிஞ்ச அன்னைக்கு தங்கச்சி என்னைத் தனியா கூப்பிட்டா. "ஆளே போயாச்சு அண்ணே. இனிமே ரகசியம் எதுக்கு? அவரு யாருக்குப் போட்டாரு? எனக்கு மட்டும் சொல்லுங்க." அழுதுக்கிட்டே கேட்டா. மகனும் வந்து பக்கத்துல நின்னான். சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். செத்தவனுக்கு என்ன கோபம் வரப்போகுதுன்னு கூட நினைச்சேன். ஆனா நீ மறைப்புக்குள்ள தலையைச் சாய்ச்சுக்கிட்டு நின்னது ஞாபகம் வந்துடுச்சு. "கைநாட்டு வச்சிருக்கேம்மா"ன்னேன். அவளுக்கு வந்த கோபத்துல எனக்குப் பாயசம் வைக்கல. மகனுக்கு ரெண்டு கிளாஸு.

இப்ப சொல்றேன், இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்னு. தங்கச்சிக்குக் கண்ணுல புரை. ஒரு கண்ணு ஆபரேஷன் ஆகி இன்னும் தெளியல, இன்னொண்ணு அடுத்த மாசம். வெளிச்சம் பட்டா கூசுதுன்னு உன் கறுப்புக் கண்ணாடியைத்தான் மாட்டிக்கிட்டு அலையுறா. ஒரு நிமிஷம் நீதான் சேலை கட்டிட்டு வந்துட்டியோன்னு இருக்கும். கோபிச்சுக்காதே தங்கச்சி, நீ கேப்பேன்னு தெரியும்.

ஓட்டு போடணும், மெஷின்ல ஒண்ணும் தெரியாது. மகன் லீவு போட்டு வர்றேன்னான். அவனை வேணாம்னுட்டு நேத்து என் வீட்டுக்கு வந்தா. வந்து, நீங்கதான் வரணும்னா. நான் முதல்லயே சொல்லிட்டேன், "பாரும்மா, நான் எவனையும் நம்பறதில்ல. என் ஓட்டையே போடாதவன். என்னை எதுக்குக் கூப்பிடுறே?"

அவ சொன்னா, "நீங்க அவனுங்களை நம்ப வேணாம் அண்ணே. செத்த மனுஷன் யாருக்குப் போட்டாருன்னு, கட்டின பொண்டாட்டிகிட்டயே சொல்லல நீங்க. அதனாலதான் உங்களைக் கூப்பிடுறேன்."

ராத்திரி முழுக்க அது காதுலயே இருந்துச்சு மச்சான். எவனையும் நம்பக்கூடாதுன்னு நான் சாயாக்கடையில மேஜையைத் தட்டிக்கிட்டு இருக்கேன். இங்க பாத்தா, கண்ணு தெரியாத ஒருத்தனும், கண்ணு மங்கின ஒருத்தியும், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் என் விரலை நம்பி வர்றாங்க. அந்த மறைப்புக்குள்ள நான் என்ன வேணும்னாலும் பண்ணலாம். பண்ணல. இன்னைக்கும் பண்ண மாட்டேன். அவ என் காதுல யாரைச் சொல்லப்போறாளோ தெரியாது. நீ அன்னைக்குச் சொன்ன ஆளா இருந்தா நான் சிரிச்சுடக்கூடாது, அது ஒண்ணுதான் பயம்.

இந்தத் தடவை சந்து முனையில ஃப்ளெக்ஸு இல்ல. பாதிப் பேரு போயிட்டு வந்துட்டாங்க, பாதிப் பேரு வீட்டுல இருக்காங்க. ஹம்சாக்கா காலையிலயே போட்டுட்டு வந்து விரலைக் காட்டுறாரு. "நின்டே வலது கை ரெடியா?"ன்னு கேட்டாரு. ரெடின்னேன். "இடது?"ன்னாரு. நான் சாயா காசை வச்சிட்டு வந்துட்டேன். நீ படியில இறங்கும்போது கேட்டதும் அதேதானே. வாய்க்கால் ஓரத்துல தண்ணி இப்பவே கொஞ்சம் ஏறியிருக்கு, பொழுது சாயறதுக்குள்ள ஸ்லாப்பைத் தொட்டுடும். எவன் ஜெயிச்சாலும் அது தொடும். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தே, மூக்கால ஒவ்வொரு கடையா சொல்லிக்கிட்டு...

"அண்ணே! யாருகூட இவ்வளவு நேரம் பேச்சு? பூத்தை அடைச்சிடுவாங்க, வாங்க! ஸ்லாப்பு வழுக்கும், கையைக் குடுங்க!"

வந்துட்டேன் தங்கச்சி, வந்துட்டேன். மச்சான், கூப்பிடுறா, போறேன். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இன்னைக்குக் காது குடையல. என் ஸ்லிப்பை மடிக்காம, கசக்காம, சட்டைப் பையில வச்சிருக்கேன். அது எதுக்குன்னு நீ கேட்டா, மச்சான், என் இடது கைக்குத்தான்.